மாமாவின் மணிக்கட்டு

இதய வார்டு இந்தக் கோடி, எலும்பு வார்டு அந்தக் கோடி. நடுவில் ஒரே ஒரு நீளத் தாழ்வாரம். இங்கே மாமா, நெஞ்சில் தையலோடு. அங்கே அத்தை, காலில் கட்டும் எடையும் மாட்டி, அசையக் கூடாது என்ற உத்தரவோடு. மாமாவை ஆபரேஷனுக்குக் கொண்டுபோய்விட்டார்கள் என்று கேள்விப்பட்டு, மாடிப்படியில் தலைதெறிக்க ஓடிவந்து உருண்டவள் அத்தை. நல்ல ஜோடி என்று ஆஸ்பத்திரியே சிரித்தது. மருமகளுக்கு மட்டும் சிரிப்பு வரவில்லை.

வரவில்லைதான், எப்படி வரும்? மாமாவின் மணிக்கட்டில் நாடித்துடிப்பு பார்க்கும் பட்டை அவள் செய்தது. பொட்டு மாதிரி ஒரு பேட்டரி. அதை வைத்துக்கொண்டு மாதக்கணக்கில் ஓட வேண்டும். அதனால் பாவம், அதற்குச் சத்தமாகப் பேச வராது. பக்கத்துச் சுவரில் இருக்கும் பெட்டியோடு கிசுகிசுக்கத்தான் தெரியும். கட்டிலில் கிடப்பவர் கையில் இருந்தால் ஒரு தொல்லையும் இல்லை. எழுந்து நடந்தால்தான் வந்தது வினை. ஒரு பெட்டியை விட்டு அடுத்த பெட்டியைப் பிடிக்க வேண்டும். பிடிக்கத் தவறினால் மணி அடித்துவிடும்.

முதல் நாள் மாமா அத்தையைப் பார்க்க நடந்து எலும்பு வார்டை நெருங்கியதுமே அடித்துவிட்டது. சிஸ்டர் ஓடிவந்து அவரைத் திருப்பிக் கூட்டிப்போனார்.

"சக்கர நாற்காலியில போயிட்டு வந்துடலாமே மாமா?"

"நல்லா இருக்கே கதை! என்னைத் தள்ளிக்கிட்டு வர்றதைப் பார்த்தா உங்க அத்தைக்கு உயிரே போயிடும். நான் நல்லா இருக்கேன்னு ஆளாளுக்குச் சொல்லியாச்சு, அவ நம்பலை. நடந்து போய் நின்னாத்தான் நம்புவா."

அதுவும் உண்மைதான். அத்தை சரியாகச் சாப்பிடுவதே இல்லை. எல்லாரும் சேர்ந்து எதையோ மறைக்கிறீர்கள் என்று ஒரே அழுகை.

அன்று சாயங்காலம் மருமகள் தன் கணவனின் கையில் பட்டையைக் கட்டி நடக்கவிட்டாள். மகாராஜா ஒரு கோடியிலிருந்து மறுகோடிக்கு விறுவிறுவென்று போனார், வந்தார். மணி மூச்சுவிடவில்லை. "உன் பட்டைக்கு என்னைத்தான் பிடிச்சிருக்கு" என்று பல்லிளித்தான். அவளுக்கு வந்த ஆத்திரத்தில் அவனையும் பட்டையையும் சேர்த்து ஜன்னல் வழியாக வீசியிருப்பாள்.

மறுநாள் மாமாவின் பின்னாலேயே ஓசைப்படாமல் நடந்தாள். எலும்பு வார்டுக்கு முன்னால் ஒரு கண்ணாடிக் கதவு. மாமா அங்கே நின்றார். சட்டைப் பித்தானைச் சரிசெய்தார். பையிலிருந்து சீப்பை எடுத்தார். மிச்சமிருந்த நாலு முடியை இப்படி வாரினார். பிடிக்கவில்லை, அப்படி வாரினார். கதவுக்கு இந்தப்பக்கம் ஒரு பெட்டி, அந்தப்பக்கம் ஒரு பெட்டி, இரண்டும் ஒரே தூரம். அவர் கை மேலே போனால் அது நன்றாகக் கேட்டது, கீழே வந்தால் இது நன்றாகக் கேட்டது. பட்டை அதனிடம் ஓடியது, இதனிடம் ஓடியது, கடைசியில் இரண்டையும் கோட்டைவிட்டது. மணி அலறியது.

"நேத்தும் இங்க இதைத்தான் பண்ணீங்களா மாமா?"

"பின்ன? கட்டின பொண்டாட்டியைப் பார்க்கப் பரட்டைத் தலையோடவா போவாங்க?"

அவளுக்கு அவரை அப்படியே கட்டிக்கொள்ள வேண்டும்போல் இருந்தது. டாக்டருக்கு அப்படி ஒன்றும் தோன்றவில்லை. "நாளைக்கு ஒரே ஒரு தடவை. திரும்பவும் மணி அடிச்சா, வீட்டுக்குப் போற வரைக்கும் கட்டிலை விட்டு இறங்கக் கூடாது" என்று முடித்துவிட்டார்.

அன்று அவள் பட்டைக்கு ஒரே ஒரு புத்திமதிதான் சொல்லிவைத்தாள்: புதுப் பெட்டி கொஞ்சம் நன்றாகக் கேட்கிறது என்று ஓடாதே, ரொம்பவே நன்றாகக் கேட்டால் மட்டும் பழையதை விடு.

மறுநாள் மாமா கிளம்பினார். டாக்டரும் மருமகளும் சிஸ்டரின் மேசையில் திரையைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். கண்ணாடிக் கதவு வந்தது. இந்தமுறை ஆற அமர வாரினார் போலும், நேரம் போய்க்கொண்டே இருந்தது. பட்டை பழைய பெட்டியையே பிடித்துக்கொண்டு நின்றது. அவர் கதவைத் தாண்டியதும் சமர்த்தாகப் புதியதற்கு மாறியது. அப்பாடா என்று அவள் மூச்சுவிட்டாள்.

விட்ட மூச்சை முழுசாக விடவில்லை. மாமா அத்தையின் கட்டிலுக்குப் போய்ச் சேர்ந்த இடத்தில் சிக்னல் மளமளவென்று இறங்கியது. கட்டிலுக்கு மேலேயே சுவரில் பெட்டி இருக்கிறதே, எப்படி?

"என்னம்மா இது?" என்றார் டாக்டர்.

அவள் பதில் சொல்ல நிற்கவில்லை, ஓடினாள். பின்னாலேயே டாக்டரும் ஓடிவந்தார்.

அத்தை இரண்டு கைகளாலும் மாமாவின் மணிக்கட்டை இறுகப் பற்றிக்கொண்டிருந்தாள். அந்த உள்ளங்கைகளுக்குள் பட்டையின் குட்டிக் குரல் அமுங்கிப் போயிருந்தது. மாமா அசையாமல் நின்றார்.

"அத்தை, மணி அடிச்சிடும். இந்தக் கையை விட்டுட்டு அவரோட அந்தக் கையைப் பிடிச்சுக்கங்க."

அத்தை கைமாற்றிப் பிடித்தாள். மணி அடிக்கவில்லை.

"இவ்வளவு படிச்சவ நீ, இது தோணலையா உனக்கு?" என்றாள் அத்தை, மாமாவின் முகத்திலிருந்து கண்ணை எடுக்காமல். "இவர் வந்து நின்னா நான் முதல்ல கையைத்தானே பிடிப்பேன்?"

"தோணலை அத்தை" என்றாள் மருமகள். டாக்டர் சுவரோரம் இருந்த ஸ்டூலை இழுத்து, மாமாவின் பின்னால் சத்தமில்லாமல் போட்டார்.