சுவருக்குள் இருந்தது

தம்பி இடிக்கும் இயந்திரத்தை அணைத்துவிட்டு இறங்கி வந்தான். "வேற ஆளை அனுப்பச் சொல்லட்டுமாக்கா? நான் இடிச்சா உனக்கு மனசு கேக்குமா?"

"நீயே இடி. ஆனா பதமா இடி," என்றாள் அக்கா.

சாலையை அகலப்படுத்த அந்தத் தெருவில் ஒரு வரிசைக் கட்டடங்கள் முழுக்க இடிபடுகின்றன. அதில் இந்தக் குழந்தைகள் காப்பகம்தான் அவள் பொறுப்பேற்றுக் கட்டிய முதல் கட்டடம். வெயில் உள்ளே இறங்காமலிருக்க, மரச்சட்டங்களுக்கு நடுவே வைக்கோல் கட்டுகளை இறுக்கி அடுக்கி, இருபுறமும் மண்ணும் சுண்ணாம்பும் பூசியிருந்தாள். "மாடு வந்தா சுவரு காலி" என்று அப்போது எல்லோரிடமும் சொல்லிச் சிரித்தவன் இதே தம்பிதான். கோடையிலும் குழந்தைகள் அங்கே வியர்க்காமல் தூங்கின. ஆனால் சுவருக்குள் என்ன ஆகியிருக்கும் என்று யாரும் பார்த்ததில்லை. மக்கியிருக்கும், எலி குடும்பம் நடத்தும் என்றார்கள். அவளுக்கும் உள்ளூர அந்தப் பயம் உண்டு. அதன்பின் அவள் கட்டிக்கொடுத்த வீடுகள் எல்லாமே இதே முறைதான்.

பக்கத்துக் கடையை நேற்றே இடித்திருந்தார்கள். அதன் சுவரில் பதித்திருந்த தெர்மாகோல் பொடிந்து தெருவெல்லாம் பறந்தது, சாக்கடையில் மிதந்தது. பெருக்க வந்தவரின் துடைப்பத்திலேயே ஒட்டிக்கொண்டு திரும்பி வந்தது. "இதை எங்க கொண்டுபோய்க் கொட்டினாலும் இப்படியேதான் கெடக்கும்மா," என்றார் அவர்.

இயந்திரத்தின் கை சுவரைத் தொட்டதும் பூச்சு பாளமாக விழுந்தது. அவள் ஓடிப்போய்க் கையை உள்ளே விட்டாள். ஈரமில்லை. உருவியெடுத்த வைக்கோல் நேற்று கட்டியதுபோல மஞ்சளாக இருந்தது. ஜன்னலுக்குக் கீழே மட்டும் ஒரு முழம் கறுத்திருந்தது. சாரல் இறங்கிய இடம். "சன்ஷேடை இன்னும் நீட்டியிருக்கணும்," என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள்.

மத்தியானத்துக்குள் கூரைத் தகட்டையும் மரத்தையும் தச்சர் ஏற்றிப்போனார். காய்கறி பயிரிடும் பெண்கள் செடிகளுக்கு மூடாக்குப் போட வைக்கோலை அள்ளினார்கள். மண்ணைக் குழைத்தால் அடுத்த சுவருக்கு ஆகும். குப்பை லாரிக்காரர் எட்டிப் பார்த்தார்.

"எனக்கு என்னம்மா மிச்சம்?"

"ஒண்ணுமில்லண்ணே," என்றாள். கட்டி முடித்துத் திறந்த நாளில்கூட அவளுக்கு இப்படி நெஞ்சு நிறைந்ததில்லை.

தம்பி கையிலிருந்த வைக்கோலை விரலில் சுற்றிக்கொண்டே, "என் வீட்டுக்கு இன்னும் சுவரு எழுப்பலக்கா," என்றான், அவள் முகத்தைப் பார்க்காமல்.

தெருமுனையில் ஒரு பெண் தலைச்சுமையோடு திரும்பிக்கொண்டிருந்தாள். வழிநெடுக உதிர்ந்து கிடந்த வைக்கோலைக் கோழிகள் கிளறத் தொடங்கியிருந்தன.