ஒற்றைக் கைக்கு ஒரு காஜா

மழை பிடித்த மத்தியானங்களில் தையல்காரிக்குத் துணிகள் பேசுகிற மாதிரி இருக்கும். கண் பாதி சொக்கும், கை மட்டும் ஓடும். கம்பளிக் கோட்டு, 'ஓரத்தில் வட்டக் கண் வைத்துக் காஜா வெட்டு, இல்லாவிட்டால் தடிப் பொத்தான் திணறும்' என்று முனகும். பின்னல் துணி, 'உள்ளே நூல் கொடுத்துத் தை, வாய் பிளந்துவிடுவேன்' என்று சிணுங்கும். பட்டுக்கோ கத்தரி என்றாலே ஆகாது. கயிறு வளையம்தான் வேண்டும். அடேயப்பா, பொத்தான் நுழைகிற ஒரு துளைக்கு எத்தனை ராங்கி!

அன்று மடியில் கிடந்தது அக்காவின் மெல்லிய பருத்திச் சட்டை. நோயில் விழுந்து எழுந்ததிலிருந்து அக்காவின் இடது கை தூங்கியே கிடந்தது. மறுநாள் அவள் மறுபடி வேலைக்குப் போக வேண்டும். "என் சட்டையை நானே போட்டுக்கிட்டாத்தான் வாசல் தாண்டுவேன்" என்று ஒரே பிடி. மெல்லிய துணிக்கு நெட்டுவாக்கில்தான் காஜா. கண்ணில் ஒற்றிக்கொள்ளலாம் போல வெட்டி முடித்தாள் தங்கை.

அக்கா ஒற்றைக் கையால் பொத்தானைத் தள்ளினாள். துணியும் கூடவே ஓடியது. பிடித்து நிறுத்த இன்னொரு கை இல்லையே!

"விடுடி, நான் எங்கயும் போகலை." சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டாள்.

தங்கை தன்னையே திட்டிக்கொண்டாள். அட மண்டு, துணியைக் கேட்டாயே, கையைக் கேட்டாயா? சட்டையைத் தானே மாட்டிக்கொண்டாள். இடது கையைத் தொடைக்கு அடியில் வைத்து அதன்மேல் உட்கார்ந்து, கண்ணாடி முன்னால் போட்டுப் பார்த்தாள். அப்போதுதான் உறைத்தது: துணி தானே விறைத்து நின்றால் பிடிக்க இன்னொரு கை வேண்டாம்.

வெட்டின காஜாவை மூட முடியாது. பொத்தானும் காஜாவும் வரும் முன்பட்டி இரண்டையும் பிரித்தெறிந்தாள். புதுப் பட்டிக்குள் கோட்டுக்கு வைக்கிற விறைப்புத் துணியைக் கொடுத்து, குறுக்குவாக்கில் வட்டக் கண் காஜா வெட்டினாள். அதுவும் ஆண்கள் சட்டை போல இடப் பக்கத்தில். பொத்தான்கள் அக்காவின் வலது கைக்கு நேராக வந்தன.

"என்னடி இது கூத்து? ஆம்பளைச் சட்டையில கோட்டுக் காஜா!"

"ஊர் சிரிக்கட்டும். நீ போட்டுப் பாரு."

மழைச் சத்தத்தில் அக்கா மேலிருந்து ஆரம்பித்தாள். பட்டி அசையாமல் நின்றது. பொத்தான்கள் ஒவ்வொன்றாக வழுக்கிக்கொண்டு நுழைந்தன. கடைசியில் பார்த்தால் கீழே ஒரு பொத்தான் மிச்சம். முதல் பொத்தானையே மாற்றிப் போட்டிருக்கிறாள். தங்கையின் கை தன்னால் நீண்டது.

"தொடாதே!"

அக்கா எல்லாவற்றையும் கழற்றிவிட்டு மறுபடி மேலிருந்து தொடங்கினாள். தங்கை தன் இரண்டு கைகளின் மேலும் உட்கார்ந்துகொண்டாள்.