தட்டிப் பார்த்த குடம்

பிரேதப் பெட்டியருகே கொள்ளிக்குடத்தை வைத்துவிட்டு இரத்தினசிங்கம் நிமிர்வதற்குள், சுலோஜனா அதன் வாய்க்குள் விரல் கொடுத்துத் தூக்கி, மறுகை முட்டியால் ஒரு தட்டுத் தட்டினாள். டொக்கென்றது.

"தம்பி, இது கீறல். வேற ஒண்டு எடுத்துக்கொண்டு வாங்கோ."

புருசனின் தம்பியான இரத்தினசிங்கம் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். "மச்சாள், சுடலையில துளை போட்டு உடைக்கிற குடம். கீறல் இருந்தா என்ன, இல்லாட்டி என்ன?"

"அது எனக்கும் தெரியும்."

துக்கத்தில் உளறுகிறாள் என்று முற்றத்தில் குசுகுசுத்தார்கள். உளறலாவது! அவள் புருசன் தர்மசீலன் பாலையூற்றில் அந்த வீட்டோடு சாய்த்து இறக்கிய பத்தியில் வைத்துத்தான் மீன்பிடிப் படகுகளின் எஞ்சின் தண்டுகளைக் கிரைண்டரில் பிடித்து வழவழப்பாக்கிக் கொடுத்தார். புதுக் கிரைண்டர்க் கல் வந்தால் தட்டாமல் பூட்டமாட்டார். கணீரென்றால் நல்ல கல். டொக்கென்றால் உள்ளே கீறல், சுழலும் வேகத்தில் வெடித்து முகத்திலேயே அடிக்கும். அந்த இரைச்சலில் காது போன பிறகு, கல்லை விரலில் தொங்கவிட்டுக்கொண்டு குசினி வாசலில் வந்து நிற்பார். கறி அடிப்பிடித்தாலும் சரி, சுலோஜனா வந்து தட்டிக் கேட்டுத் தலையாட்ட வேண்டும்.

"உம்மட காது இருக்கேக்க எனக்கென்ன பயம்" என்று தெருவுக்கே கேட்கக் கத்துவார். அவளுக்கு வெட்கமாக இருக்கும், ஆசையாகவும் இருக்கும். கடைசியில் அவரைக் கொண்டுபோனது நெஞ்சுவலி. அதைத் தட்டிக் கேட்க அவளுக்கு வழியிருக்கவில்லை.

"நேரம் போகுது, மச்சாள்."

"போகட்டும். பிழையான ஒண்டுக்கு நான் அவருக்கு ஒருநாளும் தலையாட்டினதில்லை. இண்டைக்கும் ஏலாது."

பத்தியில் அவரோடு வேலை செய்த கிண்ணியா நௌபர் மோட்டார்சைக்கிள் திறப்பை எடுத்துக்கொண்டு போனார். திரும்பி வந்தபோது, குழந்தையைத் தூக்குவதுபோல ஒரு குடத்தை அணைத்திருந்தார்.

"கடையில நாலஞ்சைத் தட்டித்தான் எடுத்தனான், அக்கா. எண்டாலும் நீங்க ஒருக்காப் பாருங்க."

சுலோஜனா குடத்தைத் தூக்கினாள். ஒப்பாரி வைத்த பெண்களும் வாய்மூடினார்கள். தட்டினாள். கணீரென்ற சத்தம் கூரைத் தகடுவரை போய் மெல்ல அடங்கியது.

அது முழுக்க அடங்கும்வரை பொறுத்திருந்தாள். பிறகு பெட்டிக்குள் கிடந்த முகத்தைப் பார்த்து, வழக்கம்போலத் தலையாட்டினாள்.