கண்ணகையின் மூன்றாவது கசெட்

பிளாஸ்டரைப் பல்லால் கடித்து ஒரு சின்னத் துண்டெடுத்து, கசெட்டின் விளிம்பில் இருந்த ஓட்டையை இரத்தினம்மா மூடினாள். கட்டைவிரலால் அழுத்தித் தேய்த்தும் விட்டாள். அந்த ஓட்டை எதற்கென்று அவளுக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. சுவிஸில் இருக்கும் தம்பி வினாயகமூர்த்திக்கு எட்டு வருடமாகக் கடிதத்துக்குப் பதில் கசெட்டில் பேசி அனுப்புகிறவள் அவள். பேசி முடித்ததும் அந்த இடத்துத் தகட்டை உடைத்துவிட்டால் அதன் மேல் வேறெதையும் பதிய முடியாது. ஓட்டையை மூடிவிட்டால் பதியலாம்.

கசெட் தங்கச்சி கண்ணகையினுடையது. கண்ணகை நடு அறையில், தலைமாட்டில் விளக்கெரியக் கிடந்தாள். மஞ்சள் காமாலை. மட்டக்களப்பு ஆஸ்பத்திரியில் ஒன்பது நாள் கிடந்து, முப்பத்தாறாவது வயதில் முடிந்துபோனாள்.

விடியற்காலையில் சந்திக் கடைக்கு ரெலிபோன் எடுத்துத் தம்பி அழுதான். "வரேலாதக்கா. ஒப்பாரியையாவது பிடிச்சு அனுப்பு." களுவாஞ்சிக்குடிச் சந்தையில் புதுக் கசெட் கிடைக்கும். இரத்தினம்மா ஆளனுப்பவில்லை. தங்கச்சியின் பெட்டியைத் திறந்து, 'மூன்று' என்று எழுதியிருந்த இதைத்தான் எடுத்தாள். ஒரு பக்கத்தில் மட்டும்தான் பாட்டு. மற்றப் பக்கத்தை நிரப்புவதற்குள் காமாலை வந்துவிட்டது. வெறும் பக்கத்தையாவது போட்டிருக்கலாம். அவள் பாட்டிருந்த பக்கத்தைத்தான் போட்டாள். ஆத்திரத்துக்குக் கண்ணில்லை என்று யாரும் சொல்லவேண்டாம், அவள் எல்லாவற்றையும் பார்த்துத்தான் செய்தாள்.

கண்ணகை பாட்டுக்காரி. கோயிலில் பாடுகிற பாட்டுக்காரி என்றால் ஊர் கையெடுத்துக் கும்பிட்டிருக்கும். இவள் கொன்வென்றில் ஒரு சிஸ்டர் விட்டுப்போன பழைய கிற்றாரைத் தூக்கிக்கொண்டு, தானே எழுதி, தானே மெட்டுப்போட்டு, தொண்டை கிழியப் பாடினாள். கலியாண வீட்டுக்குக் கூப்பிட்டால் சினிமாப் பாட்டுப் பாடமாட்டேன் என்பாள். பிறகு எவன் கூப்பிடப் போகிறான்? கிற்றார்க் கம்பி அறுந்தால் சைக்கிள் பிறேக் கம்பியைப் பிரித்து மாட்டுவாள். கரண்ட் இல்லாத காலத்தில் சைக்கிளை ஸ்ராண்டில் நிறுத்தி, டைனமோவில் றெக்கோடரைக் கொழுவிப் பதிவாள். பெடல் மிதிக்கிறது காத்தான்குடிச் சிநேகிதி றஸீனா. றஸீனாவின் கூடப்பிறந்த காக்கா ஹமீட்டின் றெக்கோடிங் பார்க் கடையில் நாற்பது பிரதி எடுத்து, கண்ணகை பஸ்ஸிலும் துறையடியிலும் தானே விற்றாள். "பொம்புள கத்துறாள்" என்று மூன்று பேர் திருப்பிக் கொடுத்தார்கள்.

அது முதல் கசெட். அதைக் கேட்டு இயக்கப் பொடியன்மார் வந்து தங்களுக்கும் பாட்டெழுதித் தரச்சொன்னார்கள். "அளவு தந்தாச் சட்டை தைக்கலாம், பாட்டுத் தைக்கேலாது" என்றாள். கிற்றார் இரண்டு மாதம் அவர்களிடம் இருந்துவிட்டு வந்தது. இரண்டாவது கசெட்டில், பாலத்தடியில் பையைக் கிண்டுகிற இராணுவத்தைப் பார்த்து 'என்ட பையில என்னத்தத் தேடுறீங்க' என்று ஒரு பாட்டு. அதைக் கேட்டு ஆமி வந்தது. பாடினவள் அன்றைக்குக் காத்தான்குடியில். வீட்டில் இருந்தவர் இரத்தினம்மாவின் புருஷன் நல்லரத்தினம். பதினொரு நாள் வைத்திருந்துவிட்டு அனுப்பினார்கள். திரும்பி வந்தவருக்கு இடக்காது கேட்கவில்லை.

வீடு தாய்வழி வீடு, இரண்டு பெண்களுக்கும் எழுதியது. தங்கச்சியைத் துரத்த இரத்தினம்மாவுக்கு உரிமையில்லை. அதனால் நடுவில் சுவர் வைத்தாள். ஆறு வருடம் அந்தச் சுவருக்கு இந்தப் பக்கமிருந்து தங்கச்சியோடு ஒரு வார்த்தை பேசவில்லை. கடைசி மூன்று மாதம் ஒரே மெட்டுத் திரும்பத் திரும்பச் சுவரால் வந்தது. சொல் விளங்காது, மெட்டு மட்டும் வரும். அது காதில் விழாமலிருக்க இரத்தினம்மா அம்மியில் சத்தமாக அரைப்பாள்.

பத்து மணிபோல் றஸீனா வந்தாள். முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டு படலையால் நுழைந்ததும் வாங்குப் பலகையில் இருந்தவர்களின் பேச்சு நின்றது. தொண்ணூறில் தமிழரும் முஸ்லிம்களும் வெட்டுப்பட்ட பிறகு இந்தத் தெருவுக்கு அங்கிருந்து யாரும் வந்ததில்லை, இவளைத் தவிர.

"காத்தான்குடிக்கு ஆர் சொன்ன?" என்றாள் இரத்தினம்மா, எல்லாருக்கும் கேட்க.

றஸீனா உள்ளே போய்க் கண்ணகையின் காலடியில் கொஞ்ச நேரம் நின்றாள். பிறகு வந்து மெதுவாகச் சொன்னாள். "ஆஸ்பத்திரில வெச்சுச் சொன்னவக்கா. மூணாவது கசெட் உனக்குத்தான், நீதான் வெளிய கொண்டு வரணும் எண்டு. வேற பிரதி இல்ல. அதத் தந்தா நான் போயிருவன்."

"செத்தவீட்டுக்கு வந்தியா, கசெட்டுக்கு வந்தியா?"

"ரெண்டுக்கும்தான்."

"கசெட்டும் இல்ல ஒண்டும் இல்ல. உன்ட சைக்கிளும் அவட கிற்றாரும்தான் இந்த வீட்டுக்கு ஆமியக் கூட்டி வந்த. போ."

றஸீனா போகவில்லை. வேலியோரம் கவிழ்த்திருந்த உரலில் போய் உட்கார்ந்தாள்.

பெண்கள் வட்டமாக இருந்தார்கள். மூத்தவள்தான் தொடங்கவேண்டும். இரத்தினம்மா றெக்கோடரை மடிக்குப் பக்கத்தில் வைத்து, சிவப்புப் பொத்தானை அமத்தினாள். பொன்னே, மணியே, கூடப்பிறந்தவளே என்று எல்லாரும் சொல்கிறதைத்தான் முதலில் சொன்னாள்.

"கண்ணுல ஒரு துளி தண்ணியில்ல பாருகா" என்று பின்னால் சீதேவிப்பிள்ளை குசுகுசுத்தாள்.

அது அவளைச் சுட்டது. யாருக்காக அழவேண்டும்? வாய் தானாக வேறு பக்கம் போனது.

*நீ பாடப் போனாயே, பாட்டுக்காரி எண்டாயே,*
*என்ட வீட்டுக் காதெல்லோ விலையாகிப் போச்சுதடி.*
*கம்பி அறுந்தா பிறேக் கம்பி போட்டாயே,*
*உசிர் அறுந்து கிடக்கிறாய், என்னத்தடி போடுவாய்.*

ஒப்பாரியில் இப்படித் திட்டினதை அந்த ஊர் கேட்டதில்லை. பெண்கள் கூடச் சேர்ந்து இழுக்கத் தெரியாமல் சும்மா இருந்தார்கள். அவள் நிறுத்தவில்லை. ஆறு வருடத்து வசவையும் அரை மணித்தியாலத்தில் கொட்டினாள். குரல் உடைந்து இனி ஒன்றும் வராது என்றானபோது பதிவை நிறுத்தினாள்.

மூன்று மணிக்குப் பிரேதத்தை எடுத்தார்கள். ஆண்கள் பறையின் பின்னால் போனார்கள். பெண்கள் வீட்டைக் கழுவிவிட்டு ஒவ்வொருவராய்ப் போனார்கள். உரலில் றஸீனா மட்டும் இருந்தாள்.

பதிந்ததோ என்று பார்க்க இரத்தினம்மா நாடாவைச் சுற்றிப் போட்டாள். அவளுடைய குரல் அவளுக்கே பயமாக இருந்தது. கேட்டுக்கொண்டிருக்கையில் வாசலில் நிழல் விழுந்தது.

"இது அவட மெட்டு" என்றாள் றஸீனா.

"என்ன மெட்டு?"

"நீங்க அழுறது. மூணாவது கசெட்டுல கடைசிப் பாட்டு. உங்களுக்கு எப்படித் தெரியும்?"

அம்மிச் சத்தத்தையும் தாண்டி அது உள்ளே போயிருந்தது இரத்தினம்மாவுக்கு இப்போதுதான் தெரிந்தது. றஸீனா குனிந்து றெக்கோடரின் கண்ணாடிக்குள் பார்த்தாள். கண்ணகையின் கையெழுத்தில் 'மூன்று' என்றிருந்த கசெட் ஓடிக்கொண்டிருந்தது.

"மூணு மாசம் மிதிச்சன்" என்றாள். குரல் உயரவில்லை. "காலிரண்டும் வீங்கின. நீங்க ஒரு இருப்பில அழிச்சிட்டீங்க."

"அழிச்சன்தான். தெரிஞ்சுதான் அழிச்சன்."

"அவ உங்களச் சபிக்கமாட்டா. நான் சபிப்பன்."

கசெட்டில் ஒப்பாரி முடிந்தது. பொத்தான் நிறுத்திய டக்கென்ற சத்தம். அதற்கப்பால் டைனமோவின் ரீங்காரம், பிறேக் கம்பியின் அதிர்வு, பாதி வரியிலிருந்து கண்ணகை.

*...இடக்காதில சொன்னாக் கேக்காது மச்சான்,*
*வலக்காதுப் பக்கம் வந்து நிக்கிறன்.*
*என்ட பாட்டுக்கு நீங்க வாங்கின அடிய*
*எந்த மெட்டில போட்டு நான் பாடுவன்...*

நாடா முடிந்து பொத்தான் தானாக மேலெழுந்தது.

"இதுக்கு முன்னால என்ன வரும்?" என்றாள் இரத்தினம்மா.

"முன்னால இருந்ததுக்கு மேலதான் நீங்க அழுதிருக்கீங்க."

கிணற்றடியில் வாளிச் சத்தம் கேட்டது. சுடலையிலிருந்து திரும்பிய நல்லரத்தினம் தலையில் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்தார். இரத்தினம்மா கசெட்டை வெளியே எடுத்து, பிளாஸ்டரை நகத்தால் சுரண்டி உரித்தாள். ஓட்டை மறுபடி தெரிந்தது. கசெட்டைத் திரும்ப உள்ளே போட்டு, கொஞ்சம் பின்னால் சுற்றினாள்.

"இவர் ஒருக்காக் கேக்கட்டும்" என்றாள் றஸீனாவைப் பார்க்காமல். "பிறகு கொண்டு போ."

ஈரத் துவாயோடு உள்ளே வந்த நல்லரத்தினம் றஸீனாவைப் பார்த்துத் தலையசைத்துவிட்டுக் கதிரையில் உட்கார்ந்தார். றெக்கோடர் அவருடைய இடக்கைப் பக்கம் இருந்தது. இரத்தினம்மா அதை இரண்டு கையாலும் தூக்கி, கதிரையைச் சுற்றிப்போய், மற்றப் பக்கத்தில் வைத்தாள்.