கணப்புக்கு மேலே ஒரு வாசல்

1
இந்தக் கதை எனக்கு ஒரு கணப்பின் முன்னால் கிடைத்தது. வேல்ஸில், பக்கத்துப் பண்ணைக்காரி மெரெரித்தின் வீட்டில் டீ குடித்துக்கொண்டிருந்தேன். கணப்புக்கு மேலே மாடியைத் தாங்கும் நீளக் கல்லில், கதவின் முளை சுழன்று தேய்ந்த குழி ஒன்று இருந்தது. கணப்புக்கு ஏது கதவு? கேட்டதும் சிரித்துவிட்டாள். அவள் மேய்ச்சல் நிலத்தில் பாழடைந்து நிற்கும் கோட்டையின் வாசலுக்கு மேலே இருந்த கல் அது. முன்னோர்கள் பெயர்த்துக்கொண்டு வந்துவிட்டார்கள்.

2
"எழுநூறு ஆண்டுகளுக்கு முன் ஆங்கிலேய அரசன் குதிரையில்..." என்று தொடங்கினேன்.

வேண்டாம். குதிரைக்காரனுக்கு இங்கே வேலையில்லை. கல்லைப் பெயர்த்த அன்று அதற்குப் பதிலாக வாசலில் வைத்த மரம் இப்போது உளுத்துவிட்டது. இடிபாட்டில் புதுக் கல் வைக்க அனுமதி கிடையாது. பழைய கல் வராவிட்டால் ஆபத்தென்று திங்கட்கிழமை அதிகாரிகள் வாசலை இடித்துவிடுவார்கள். கோட்டையில் மிச்சமிருப்பதே அதுதான். கணப்புக் கல்லை உருவித் திரும்ப வைத்துவிடுவதென்று மெரெரித் முடிவு செய்தாள்.

3
(இங்கே அவள்மேல் எனக்குச் சந்தேகம் வந்துவிட்டது. இடிபாட்டுக்காகக் குடியிருக்கும் வீட்டில் யாராவது கைவைப்பார்களா? சந்தேகத்தை அவள் அண்ணன் இதெலின் வாயில் போட்டேன்.)

"கல்ல உருவினா மாடி நம்ம தலையில விழும்டி. அதுவும் இங்கிலீஷ்காரன் நம்மள அடக்கி வைக்கக் கட்டின கோட்டை! விழுந்தா விழட்டுமே."

"கட்டினவன் போய்ச் சேந்துட்டான்ண்ணே. பேத்துத் தின்னது நாமதான். ஊர்ல எந்த மாட்டுக் கொட்டகையில கோட்டை இல்ல, சொல்லு?"

"அதுக்கு?"

"தெனமும் அது வழியாத்தான் ஆடு ஓட்டிட்டுப் போறேன். ஒருநாள் அந்த எடத்துல வெறும் வானம் நின்னா என்னால தாங்க முடியாது. மாடிக்கு முட்டுக் குடுக்கக் கட்டைய எடுத்துட்டு வா."

அவள் மனம் மாறுவதாக ஒரு முடிவு எழுதிப் பார்த்தேன். இதெலுக்குப் பிடித்திருந்தது. எனக்கு அவள் முகத்தைப் பார்க்கவே வெட்கமாகிவிட்டது. அந்த முடிவை அடித்துவிட்டேன்.

4
ஞாயிற்றுக்கிழமை. கல்லை உருவியாயிற்று. முட்டுகளின் மேல் மாடி முனகிக்கொண்டு நிற்கிறது. வீட்டுக்கும் வாசலுக்கும் நடுவே, ஏற்றத்தில், கல் ஏற்றிய வண்டியின் சக்கரம் சேற்றில் புதைந்துவிட்டது. இதெல் திட்டிக்கொண்டே தள்ளுகிறான்.

என்னிடம் இரண்டு முடிவுகள் உண்டு. ஒன்றில் வண்டி பின்னால் உருண்டு கல் பிளக்கிறது. மற்றதில்...

"என்ன அங்க நின்னு எழுதிக்கிட்டு?" என்றாள் மெரெரித். "வந்து தள்ளுங்க!"

பேனாவைப் பையில் போட்டுக்கொண்டு தோள் கொடுத்தேன். சக்கரம் அசைந்தது, மறுபடி புதைந்தது. மழை வேறு பிடித்துக்கொண்டது. அவள் முகத்தைத் துடைத்துக்கொண்டு, என் தோளுக்கு மேலாக, இதைப் படித்துக்கொண்டிருக்கும் உங்களைப் பார்த்தாள்.

"அவங்க யாரு, சும்மா நிக்கறாங்க? வரச் சொல்லுங்க. இந்தப் பக்கம் இன்னும் ஒரு ஆள் போதும்."