ராண்டலின் அவசரம்

பனித்துளிப்பூ வளர்க்கிறவர்களிடையே ஒரு மரியாதை உண்டு. அடுத்தவர் தோட்டத்தில் எவ்வளவு அரிய பூவைக் கண்டாலும், ஒரு கிழங்கு கொடுங்கள் என்று வாய்விட்டுக் கேட்கக் கூடாது. அதன் முன்னால் நிற்கலாம். மண்டியிட்டுப் பார்க்கலாம். பெருமூச்சு விட்டால்கூட யாரும் குற்றமாக எடுத்துக்கொள்ள மாட்டார்கள். கொடுக்கத் தோன்றினால் தோட்டக்காரரே கைக்கொத்தோடு வருவார். மெரியல் இத்தனை வருடங்களில் ஒருமுறைகூட அந்த மரியாதையை மீறியதில்லை. இன்று மீறப்போகிறோம் என்று மேட்டுச் சாலையில் கார் ஏறும்போதே அவளுக்குத் தெரிந்திருந்தது.

ஜனவரியில் அவள் பாத்திகளில் சாம்பல் பூஞ்சணம் விழுந்துவிட்டது. மண்ணைக் கீறி வெளியே வந்த முளைகள் எல்லாம் எலிமயிர் போர்த்தியதுபோல் நின்றன. தோண்டி எடுத்து, தோட்டத்தின் கோடியில் போட்டு எரித்தாள். மற்றவை போனதில் வருத்தம்தான், ஆனால் அவை நாலு பேர் தோட்டத்தில் இருக்கின்றன. காலப்போக்கில் திரும்பி வரும். ராண்டலின் அவசரம் அப்படியில்லை. அது அவளிடம் மட்டும்தான் இருந்தது. அவளைத் தவிர, எப்போதோ அவள் கொடுத்த மூன்று கிழங்குகள் கிளமென்டிடம் இருக்கலாம். அந்தக் கிளமென்டோடு பேச்சு நின்று எட்டு வருடம் ஆகிறது.

அந்தப் பூவைக் கண்டுபிடித்தது அவள் கணவன் ராண்டல். அவனுக்குப் பனித்துளிப்பூ என்றாலே கிண்டல். "எல்லாம் வெள்ளை, எல்லாம் தலையக் குனிஞ்சிட்டு நிக்குது. பாவமன்னிப்புக்கு வந்த கூட்டம் மாதிரி," என்பான். ஒரு பிப்ரவரிக் கடைசியில் தங்கை வீட்டிலிருந்து திரும்பும்போது, வழியில் அவசரமாகக் காரை நிறுத்திவிட்டு வேலி மறைவுக்கு ஓடினான். கொஞ்ச நேரத்தில் குரல் வந்தது.

"மெரியல், இங்க வா. இது ஒண்ணு மட்டும் வேற மாதிரி இருக்கு."

"மொதல்ல பட்டனப் போடு, வர்றேன்."

போய்ப் பார்த்தாள். பனித்துளிப்பூவின் உள்ளிதழில் வழக்கமாக ஒரு பச்சைக் குறி இருக்கும், கவிழ்த்த லாடம் போல. இதில் லாடம் இல்லை. தள்ளித் தள்ளி இரண்டு பொட்டுகள், அவ்வளவுதான். வயல்காரரிடம் கேட்டு எடுத்து வந்தாள். ராண்டலின் அவசரம் என்று பெயர் வைத்தாள். ஊரில் எல்லாப் பூவும் முடியும் நேரத்தில்தான் அது சாவகாசமாக விரியும். அதைச் சொல்லிச் சொல்லி ராண்டல் சிரிப்பான். போன வருடத்துக்கு முந்தின இலையுதிர்காலத்தில் அவன் இறந்துபோனான்.

அரிய பூவை ஒரே தோட்டத்தில் வைத்திருந்தால் ஒருநாள் தொலைந்துபோகும் என்பது இவர்களிடையே பழைய பேச்சு. அதனால் முதல் மூன்று கிழங்குகளை, அப்போது நெருங்கிய நண்பராக இருந்த கிளமென்டுக்குக் கொடுத்தாள். மற்றவர்களுக்குக் கொடுப்பதற்குள், கிளமென்ட் வீட்டில் வருடாவருடம் பூ பார்க்க நடக்கும் பிப்ரவரி விருந்து வந்தது. எல்லோரும் சூப்புக் கிண்ணத்தோடு நிற்கையில் கிளமென்ட் சொன்னார்: "அது புதுப் பூவெல்லாம் இல்ல. நம்ம வெள்ளைப் பாதிரிதான். வேலியோர மண்ணுல சத்து இல்ல, லாடம் ஒடஞ்சு பொட்டாயிருச்சு. நல்ல மண்ணுல வெச்சா ஒட்டிக்கும்." வெள்ளைப் பாதிரி என்பது ஊரில் எல்லோர் வீட்டிலும் இருக்கிற பழைய வகை. யாரோ சிரித்தார்கள். ராண்டலும் சிரித்தான். மெரியல் சிரிக்கவில்லை. அதற்குப் பிறகு அந்தப் பூவை அவள் யாருக்கும் கொடுக்கவும் இல்லை, அந்த விருந்துக்குப் போகவும் இல்லை.

இன்று அதே விருந்து. கதவைத் திறந்தது கிளமென்டின் அக்கா வின்னி.

"வழி மறந்துபோச்சோன்னு நெனச்சேன்," என்றாள்.

"காருக்கு ஞாபகம் இருந்துச்சு."

"உள்ள வா. சூப்பு இருக்கு. போன வாரம் செஞ்ச மாதிரி இருக்கும், ஆனா இன்னைக்குச் செஞ்சதுதான்."

தோட்டத்தில் ஏழெட்டுப் பேர் பழைய கோட்டுகளில் மண்டியிட்டுக் கிடந்தார்கள். ஒருவர் நீளக் கைப்பிடி வைத்த கண்ணாடியைப் பூவுக்கு அடியில் நீட்டி, குனியாமலே உள்ளிதழைப் பார்த்துக்கொண்டிருந்தார். கிளமென்ட் கற்சுவர் ஓரம் நின்றிருந்தார். கம்பளித் தொப்பிக்குக் கீழே முகம் ஒடுங்கிப்போயிருந்தது.

"வந்துட்டீங்க," என்றார்.

"வந்துட்டேன்."

இருவரும் பூக்களைப் பார்த்தார்கள்.

"ராண்டல் விஷயம் தெரியும். எழுதணும்னு இருந்தேன்."

"எழுதலியே."

"எழுதல."

மேலே காகங்கள் காற்றில் அலைக்கழிந்து போயின. அவை போய் முடியும்வரை மெரியல் காத்திருந்தாள்.

"கிளமென்ட், எனக்கு ஒண்ணு வேணும். வாய்விட்டே கேக்கறேன். நான் குடுத்த மூணுல ஒரு கிழங்காவது எனக்குத் திருப்பிக் குடுங்க. எங்கிட்ட இருந்ததெல்லாம் பூஞ்சணத்துல போயிடுச்சு."

பக்கத்தில் மண்டியிட்டிருந்த பெண்மணி நிமிர்ந்து பார்த்தாள். பிறகு எழுந்து, பார்க்காததுபோல் அடுத்த பாத்திக்குப் போய்விட்டாள்.

கிளமென்ட் கொட்டகைக்குப் பின்னால் நடந்தார். அவள் பின்னால் போனாள். அங்கே வடக்குச் சுவரின் கீழே அகலமான ஒரு திட்டு முழுவதும் வெள்ளையாகப் பூத்துக் கிடந்தது. பெயர்ப்பட்டையில் வெள்ளைப் பாதிரி என்று எழுதியிருந்தது.

"இதுலயா?"

"இதுலதான். ரெண்டும் ஒண்ணுதான்னு சொல்லிட்டேன் இல்லையா. ஒண்ணுன்னா ஒரே எடத்துல இருந்தா என்னன்னு நட்டேன்."

மெரியல் அந்த வெள்ளைத் திட்டையே பார்த்துக்கொண்டு நின்றாள். கோபம் வரும் என்று எதிர்பார்த்தாள், வந்தது வேறொன்று. இந்தக் கூட்டத்தில் அவளால் தன் பூவைப் பிரித்துக் காட்ட முடியாவிட்டால், கிளமென்ட் சொன்னது சரி. அன்று வேலி மறைவில் ராண்டல் கண்டது ஒன்றுமில்லை. தெருவுக்குத் தெரு கிடக்கும் ஒரு பூவை அவன் பார்த்தான், அவன் சொன்னான் என்பதற்காக இவள் நம்பினாள்.

ஈர மண்ணில் மண்டியிட்டாள். ஒவ்வொரு பூவாக விரல் நுனியில் நிமிர்த்தினாள். லாடம். லாடம். மறுபடி லாடம். பிறகு ஒன்றில் லாடத்தின் நடு மெலிந்திருந்தது. இன்னொன்றில் இரண்டு பொட்டுகளை ஒரு நூல் இணைத்திருந்தது. வேறொன்றில் நூல் சற்றுத் தடிப்பு.

மேலே நின்றபடி கிளமென்ட் பார்த்தார். "பாருங்க. நல்ல மண்ணு கெடச்சதும் பொட்டு ஒட்டிக்கிச்சு. அன்னைக்கும் இதத்தான் சொன்னேன்."

அவள், ஒரே அடியிலிருந்து கொத்தாக முளைத்திருந்த அந்தக் குத்தின் மற்றப் பூக்களையும் திருப்பினாள். பிறகு அதை ஒட்டியிருந்த குத்துக்குப் போனாள். அப்புறம் மறுபடி முதலாவதற்கு வந்தாள்.

"இந்தக் குத்துல எல்லாப் பூவும் முழு லாடம். ஒரு விரல் தள்ளி இந்தக் குத்து, எல்லாமே நூல். நடுவுல ஒரு கல்லுகூட இல்ல. இதுக்கு ஒரு மண்ணு, அதுக்கு ஒரு மண்ணா, கிளமென்ட்?"

அவர் முழங்காலைப் பிடித்துக்கொண்டு மெல்ல இறங்கி மண்டியிட்டார். மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டார். இரண்டு குத்தையும் திருப்பிப் பார்த்தார். தள்ளிப் போய் இன்னும் இரண்டைப் பார்த்தார். சமையலறைப் பக்கமிருந்து வின்னி, சூப்பு ஆறுகிறது என்று குரல் கொடுத்தாள். இருவரும் கேட்டதாகக் காட்டிக்கொள்ளவில்லை.

"தேனீ," என்றார் கடைசியில். "வெயில் அடிக்கிற நாள்ல வரும். கலந்து விதை விழுந்திருக்கு."

"கலக்கணும்னா ரெண்டு இருக்கணுமே."

நூல் இணைத்த பூவை மறுபடி நிமிர்த்திப் பார்த்து, "இருந்திருக்கு," என்றார்.

இந்த வார்த்தைக்கு என்ன பதில் சொல்வது என்று எட்டு வருடங்களாக அவள் யோசித்து வைத்திருந்தாள். பாத்திரம் கழுவும்போது, களை பறிக்கும்போது, விதவிதமாக. இப்போது அதில் ஒன்றையும் சொல்லாமல் பூக்களையே திருப்பிக்கொண்டிருந்தாள். திட்டு முழுக்கத் தேடியாகிவிட்டது. லாடம் இருந்தது, லாடத்துக்கும் பொட்டுக்கும் பிறந்தவை இருந்தன. தனிப் பொட்டு எங்கும் இல்லை. வீரியமுள்ள பாதிரி நடுவே அது நசுங்கிப்போயிருக்க வேண்டும்.

சுவரின் அடியில், கூரைத் தண்ணீர் சொட்டும் இடத்தில், கிளமென்ட் எதையோ சுட்டினார். ஒரே குத்தில் மூன்று மொட்டுகள், பச்சை உறை பிரியாமல் நின்றன.

"இது இன்னும் விரியல."

ஊரில் கடைசியாகப் பூப்பது ராண்டலின் அவசரம்தானே என்று இருவருக்கும் ஒரே நேரத்தில் தோன்றியது. கிளமென்ட் பையிலிருந்து பேனாக்கத்தியை எடுத்தார்.

"ஒண்ணக் கீறிப் பாத்துடலாம்."

"வேண்டாம்."

"தெரிஞ்சுக்க வேண்டாமா?"

"விரிஞ்சு தெரியட்டும்."

அதன்பின் உறைபனி வந்தது. தோட்டங்கள் இறுகிக் கிடந்தன. மெரியல் சமையலறை மேசையருகே உட்கார்ந்து, எரித்த இடம் கறுப்பாகத் தெரிவதைப் பார்த்துக்கொண்டிருந்தாள். பூ ராண்டல் இல்லை என்பது அவளுக்குத் தெரியாததல்ல. அவனுடைய சட்டைகளையெல்லாம் கொடுத்துவிட்டாள்; நாற்காலியில் இப்போது பூனை தூங்குகிறது. ஆனால் அவள் உயிராய் நேசித்த ஒன்றை அவன் வாழ்நாளில் ஒரே ஒருமுறைதான் அவளுக்கு முன்பே கண்டான். அதைப் பார்த்ததும் அவளைக் கூப்பிட்டான். கூப்பிட்டதற்குச் சாட்சியாக அந்தப் பூ மண்மேல் இருந்தது. அது போனால், கூப்பிட்டது அவள் நினைவில் மட்டும் இருக்கும். நினைவை அவள் அவ்வளவாக நம்புவதில்லை.

மார்ச் பிறந்து, ஒரு காலை தொலைபேசி அடித்தது.

"வெயில் வந்திருக்கு," என்றார் கிளமென்ட். "விரியற மாதிரி இருக்கு. நான் திருப்பிப் பாக்கல."

"பாத்திருக்கலாமே."

"உன் பூவ நான் எதுக்கு மொதல்ல பாக்கணும். வா."

போனாள். பாதிரிகள் எல்லாம் பழுப்பேறிச் சாய்ந்திருந்தன. சுவரடியில் அந்த மூன்று மட்டும் வெளியிதழ்களைச் சற்றே அகட்டி நின்றன. மெரியல் மண்டியிட்டாள். கிளமென்ட் எதிரே மண்டியிட்டார். விரலால் ஒன்றை நிமிர்த்தினாள்.

இரண்டு பொட்டுகள்.

அவள் பூவை வெயில் பக்கம் திருப்பினாள். இரண்டு பொட்டுகளுக்கும் நடுவே, கண்ணாடியில் ஊதிய மூச்சு கலையும்போது விட்டுப்போகிற தடம் போல், ஒரு பச்சைக் கோடு. அடுத்ததைத் திருப்பினாள். அதிலும் இருந்தது. மூன்றாவதிலும்.

"ரெண்டு பொட்டு," என்றார் கிளமென்ட். "எனக்கு ரெண்டு பொட்டுதான் தெரியுது."

அவள் நிமிர்ந்து அவரைப் பார்த்தாள். அவர் பூவைப் பார்த்துக்கொண்டிருந்தார், அவளைப் பார்க்கவில்லை. அதை அப்படியே வாங்கிக்கொண்டு போய்விடலாம். கிளமென்டே சொன்னார் என்றால் இந்த வட்டாரத்தில் மறுபேச்சு இருக்காது. இனி வரும் ஒவ்வொரு வருடமும் பெயர்ப்பட்டை அதே பெயரைச் சொல்லும். அவள் மட்டும் மண்டியிடும்போதெல்லாம் அந்தக் கோட்டைப் பார்ப்பாள்.

"கோடு இருக்கு, கிளமென்ட்."

அவர் மூன்றாவது பூவை நிமிர்த்திப் பார்த்தார். கூரையிலிருந்து தண்ணீர் சொட்டுவது கேட்டது.

"இருக்கு," என்றார்.

"அப்ப போயிடுச்சு."

"போயிடுச்சு." பூவை மெல்ல விட்டுவிட்டு, "அன்னைக்கு நான் வாய மூடிட்டுத் தனியா நட்டிருந்தா..." என்றார்.

"நட்டிருக்கலாம்." அவள் அதைக் குறைத்துச் சொல்ல விரும்பவில்லை. "நானும் வேற நாலு பேருக்குக் குடுத்திருக்கலாம். ரோஷம்."

வின்னி ஜன்னலைத் திறந்தாள். "நல்ல சேதியா, கெட்ட சேதியா? தேத்தண்ணில சர்க்கரை எவ்வளவு போடறதுன்னு தெரியணும்."

"ரெண்டுங்கெட்டான் சேதி," என்றார் கிளமென்ட்.

"அப்ப ஒரு கரண்டி," என்று ஜன்னலைச் சாத்திவிட்டாள்.

மெரியல் அந்தக் குத்தைப் பார்த்தாள். ராண்டல் பார்த்த பூ இல்லை. அவன் பார்த்த பூ இருந்திராவிட்டால் இதுவும் இருந்திராது. வேறு யாருக்கும் அது ஒரு பொருட்டில்லை. எதிரே மண்டியிட்டிருந்த மனிதருக்குப் பொருட்டாக இருந்தது.

"இங்கயே விட்டா இதையும் பாதிரி முழுங்கிடுவாரு," என்றாள். "வேற எடத்துக்கு மாத்தணும். என் மண்ணு ஆகாது, நோய் இருக்கு. உங்கிட்டதான் இருக்கணும்."

"அந்த ஹேசல் மரத்துக்கு அடியில?"

"சரி."

"பேரு?"

"இதுக்கு அந்தப் பேரு வேண்டாம். அது அவன் பாத்ததுக்கு வெச்சது. இது என்னன்னு கொஞ்ச வருஷம் பாப்போம்."

மண்ணோடு சேர்த்துக் குத்தை எடுத்துக்கொண்டு போனார்கள். கிளமென்ட் மரத்தடியில் குழி பறித்தார். மெரியல் கையில் ஏந்தியபடி குழியை எட்டிப் பார்த்தாள்.

"இன்னும் கொஞ்சம் ஆழம் வேணும்."

"எனக்குத் தெரியாதா?"

"தெரியும் தெரியும்னுதான் இந்த நெலமைக்கு வந்திருக்கோம்."

கிளமென்ட் இன்னொரு கை மண்ணை எடுத்து வெளியே போட்டார்.