பின்னால் வந்தவர்

சைக்கிள் யோசனை பூரணியுடையதல்ல, அவள் கணவன் முத்துக்குமாருடையது. குடியாத்தத்தில் தறி ஓட்டும் குடும்பத்தில் பிறந்தவன், வேலூர் பஜாரில் லுங்கிக் கடை வைத்திருந்தான். நாள் முழுக்க கல்லாவில் உட்கார்ந்தே சர்க்கரை ஏறிவிட்டது. டாக்டர் திட்டி அனுப்பிய வாரமே கியர் வைத்த சைக்கிள் இரண்டை வாங்கி வந்து நிறுத்தினான்.

"நீயும் வா பூரணி. தனியாப் போனா பேஜாரா இருக்கும்."

பூரணி ஆம்பூரில் ஒரு ஷூ கம்பெனியில் செக்கிங் சூப்பர்வைசர். வாரத்தில் ஆறு நாளும் நின்றுகொண்டே வேலை. ஞாயிற்றுக்கிழமையாவது காலை நீட்டிப் படுக்கலாம் என்றிருந்தவள், அவனுக்காகத்தான் கிளம்பினாள். முதலில் கோட்டையைச் சுற்றினார்கள். பிறகு பாலாற்றுப் பாலம், பிறகு விரிஞ்சிபுரம். வழியில் எங்காவது இட்லி சாப்பிட்டு, புளியமரத்தடியில் உட்கார்ந்து பேசிவிட்டு வெயிலுக்கு முன் திரும்புவார்கள். கல்யாணமாகி இத்தனை வருஷத்தில் அப்படி அவர்கள் பேசிக்கொண்டதே இல்லை. ஞாயிறு எப்போது வரும் என்று அவள் காத்திருக்க ஆரம்பித்தாள்.

பிறகு ஃபஹீமின் சைக்கிள் குழுவில் சேர்ந்தார்கள். ஃபஹீம் சின்னப் பையன் மாதிரி சிரிக்கிற தோல் வியாபாரி. பத்துப் பதினைந்து பேர், பெரும்பாலும் ஆண்கள். யாரும் யாரையும் முந்தவேண்டாம், ஊர் பார்த்துக்கொண்டு மெதுவாகப் போகலாம் என்பதுதான் பேச்சு. ஆனால் ஒடுகத்தூர் ரோட்டில் மேடு வந்ததும் பூரணியின் கால் தானாக மிதித்தது. அவளே எதிர்பார்க்காமல் எல்லோருக்கும் முன்னால் மேலே போய் நின்றாள். கடைசியாக, சைக்கிளைத் தள்ளிக்கொண்டு வந்தவன் முத்துக்குமார்.

"அண்ணே, அக்கா இன்னா சாப்புட்றாங்க? எங்களுக்கும் அதையே போடச் சொல்லுங்க!" என்றான் ஃபஹீம். எல்லோரும் சிரித்தார்கள். முத்துக்குமாரும் சிரித்தான்.

அதற்கடுத்த வாரம் அவனுக்கு முட்டி வலி வந்தது. மாடிப்படி ஏறும்போது கம்பியைப் பிடித்துக்கொண்டு முனகினான்.

"நீ போய்ட்டு வா. எனக்காக நிக்காத."

நீங்கள் இல்லாமல் எனக்கென்ன சைக்கிள் என்று அவளும் நின்றுவிட்டாள். தினமும் சாயங்காலம் தைலத்தைச் சூடாக்கித் தேய்த்தாள். அவன் தன் சைக்கிளைக் கடையில் கொண்டுபோய்ப் போட்டான். ஞாயிற்றுக்கிழமையும் கடைக்குப் போக ஆரம்பித்தான், சரக்கு வருகிறது என்று. அவளுடைய சைக்கிள் பால்கனியில் கிடந்தது. அதன்மேல் துணி காய்ந்தது.

ஐப்பசியில் ஒரு ஞாயிறு ஒடுகத்தூரிலிருந்து அக்கா கூப்பிட்டாள். மல்லாட்டை பிடுங்குகிறோம், வந்து ஒரு பை பச்சைக் கடலை வாங்கிக்கொண்டு போ என்றாள். பூரணி பஸ் ஏறினாள். அணைக்கட்டு தாண்டி ஒரு டீக்கடை முன்னால் ஆள் இறக்க பஸ் நின்றது. கடை ஓரமாக வரிசையாகச் சைக்கிள்கள். ஹெல்மெட்டைக் கழற்றி மடியில் வைத்தபடி, வடை கடித்துக்கொண்டு, யாரோ சொன்னதற்குத் தலையைப் பின்னால் சாய்த்துச் சிரித்துக்கொண்டிருந்தான் முத்துக்குமார்.

அவள் இறங்கிவிட்டாள். பஸ் போய்விட்டது.

முதலில் பார்த்தவன் ஃபஹீம்தான். பதறி எழுந்து ஸ்டூலைத் தள்ளினான். "அக்கா, உக்காருங்க. இந்த ஒடம்போட இன்னாத்துக்கு பஸ்ல அலையிறீங்க?"

"எந்த ஒடம்பு?"

ஃபஹீம் முத்துக்குமாரைப் பார்த்தான். பிறகு குரலைத் தாழ்த்தினான். "அண்ணன் சொன்னார்க்கா. கர்ப்பப்பையில ஏதோ பிரச்சனை, சைக்கிளே தொடக்கூடாதுன்னு டாக்டர் சொல்லிட்டாராமே. எங்க வீட்லகூட உங்களுக்காக துவா செஞ்சாங்க."

சுற்றி நின்ற ஆண்கள் எல்லோரும் தரையைப் பார்த்தார்கள். தன் வயிற்றைப் பற்றி இவர்கள் அத்தனை பேரும் பேசியிருக்கிறார்கள் என்பது அவளுக்கு அப்போதுதான் உறைத்தது. முந்தானையை இழுத்து இடுப்பில் செருகினாள்.

"எனக்கு ஒண்ணும் இல்ல ஃபஹீம். முட்டி வலின்னு படுத்தவர் அவர்தான்."

முத்துக்குமார் வடையைக் கீழே வைக்கவும் இல்லை, தின்னவும் இல்லை. அடுத்த பஸ் வரும்வரை அவள் ரோட்டின் அந்தப் பக்கம் போய் நின்றாள். அவன் குறுக்கே வரவில்லை.

சாயங்காலம் வீட்டில் அவன்தான் முதலில் வாயைத் திறந்தான்.

"அவ்ளோ பேர் முன்னாடி அசிங்கப்படுத்திட்ட இல்ல?"

"நானா?"

"மொதல்லேர்ந்தே நீதான். நீ பாட்டுக்கு முன்னாடி போய்க்கினே இருப்ப."

"ஒவ்வொரு மேட்லயும் உங்களுக்காக நின்னேங்க."

"அதான்! நின்ன. மேல நின்னுக்கினு, நான் தள்ளிக்கினு வர்றத எல்லாரையும் பாக்க வெச்ச."

அவள் அவனையே பார்த்தாள். கேலி செய்ய நின்றதாகவா இவ்வளவு நாள் நினைத்திருக்கிறான்? "என்கிட்ட சொல்லியிருக்கலாம். பின்னாடியே வந்திருப்பேன்" என்றாள். சொன்ன பிறகு அந்த வார்த்தை அவளுக்கே கசந்தது.

"இன்னான்னு சொல்றது?" என்று டிவியைப் போட்டான்.

இரண்டு நாள் கழித்து ஃபஹீம் போன் செய்தான். நிறைய மன்னிப்பு கேட்டான். கடைசியில், "அக்கா, அண்ணன் இந்த வாரம் வர்றேன்னு சொல்லியிருக்கார். நீங்களும் வந்தா பசங்களுக்குக் கொஞ்சம் சங்கடம். குடும்ப விஷயம் பாருங்க" என்றான்.

"அவர் வர்றதுல சங்கடம் இல்லியா?"

"அப்படியில்லக்கா..."

அவள் போனை வைத்துவிட்டாள்.

இப்போது ஞாயிறு விடிந்ததும் முத்துக்குமார் அணைக்கட்டுப் பக்கம் போகிறான். அவன் தெருமுனை தாண்டிய பிறகு பூரணி காட்பாடிப் பக்கம் கிளம்புகிறாள். லத்தேரிவரை போகிறாள், டீ குடிக்கிறாள், திரும்புகிறாள். வழியில் பைக்கில் போகிறவர்கள் வேகத்தைக் குறைத்து எட்டிப் பார்த்துவிட்டுப் போகிறார்கள். பேச ஆளில்லாததால் எங்கும் உட்கார்வதில்லை. நின்றுவிட்டால் அவன் ஜெயித்ததாக ஆகிவிடும் என்றுதான் போகிறாள். அந்தப் பழைய சந்தோஷம் வரவில்லை.

போன வாரம் கீழ்வீட்டு சோபனா கோலம் போட்டுக்கொண்டிருந்தாள். தலையைத் தூக்கி, "ரெண்டு பேரும் இந்த வயசுல எவ்ளோ ஜாலியா சுத்துறீங்கக்கா! எங்க வீட்லயும் இருக்காரே, ஞாயித்துக்கெழமைன்னா எழுந்திரிக்கவே மாட்டார்" என்றாள்.

"தூங்கட்டும் விடு" என்று சொல்லிவிட்டு, பூரணி கோலத்தில் சக்கரம் படாமல் சைக்கிளைத் தூக்கி வெளியே வைத்தாள்.